கூழைக்கடாவைப் பார்த்து நீ சொன்ன சொல்

செருப்பை வாசல் குழாயடியில் கழற்றி வைத்திருக்கிறேன். இன்னும் கழுவவில்லை. ஏரிச் சேறு அதில் ஒட்டியபடியே காய்ந்துகொண்டிருக்கிறது. பாசி, மீன், பறவை எச்சம் மூன்றும் கலந்த அந்த வாசனை முன்னறை வரைக்கும் வந்துவிட்டது. மருமகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, ஏதோ ஸ்மெல் வருதே, கருவாடு வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள். "ஏரிம்மா" என்றேன். "கழுவிடட்டுமா?" "கொஞ்ச நேரம் இருக்கட்டும்." அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் எழுத உட்கார்ந்தேன்.

இன்று காலை ஏரிக்கரையில் ஒன்று நடந்தது. அதை உனக்குச் சொல்ல வேண்டும். "முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லுய்யா, வாசகன் பல் தேய்ச்சுக்கிட்டே படிக்கிறான்" என்று செய்தி ஆசிரியர் குழுவில் உட்கார்ந்துகொண்டு என்னை விரட்டியவன் நீ. இந்த ஒரு முறை அது முடியாது. விஷயம் கடைசியில்தான் இருக்கிறது. வெட்டுவதற்கு நீயும் இல்லை.

இந்த வருடம் கூழைக்கடாக்கள் சீக்கிரமே வந்துவிட்டன. மழை விட்ட காலை. பீர்க்கன்காரணை ஏரிக்கும் வானத்துக்கும் நடுவே கோடு எதுவும் இல்லை. எது தண்ணீர், எது பனி என்று தெரியாத வெளுப்பில் முதலில் ஒரு அலகு தெரியும். பிறகு அதன் பின்னால் ஒரு உடல் மெல்ல உண்டாகும். ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல் அந்தப் பனிக்குள் நுழைந்து வரும்போது தூரத்துக் கடல் போல ஆகிவிடும். "கடல் எங்கேயும் போகலைய்யா, நாமதான் தள்ளிக் குடிவந்துட்டோம்" என்பாய். அந்தப் பறவைகளுக்கு அது தெரியும் என்றே எனக்குத் தோன்றும். கோவளத்துக் கழிமுகம், முட்டுக்காடு, பள்ளிக்கரணைச் சதுப்பு, பெரும்பாக்கம், நம்முடைய இந்த ஏரி எல்லாம் அவற்றுக்கு ஒரே வீட்டின் அறைகள். நடுவில் நாம் கட்டிய அடுக்குமாடிகளைத் தாண்டி, ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவது போல அலட்டிக்கொள்ளாமல் பறந்து வரும்.

நம் நட்பே அந்தப் பறவையின் பெயரில் நீ செய்த குளறுபடியில்தான் ஆரம்பித்தது. நான் தாம்பரம் நிருபர். நீ அண்ணாசாலை அலுவலகத்தில் செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்கிற உதவி ஆசிரியர். அதுவரை தொலைபேசியில் சண்டை போட்டதோடு சரி. ஆடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கரணையில் தண்ணீர் வற்றி, மீன்கள் ஒரு பக்கமாக ஒதுங்க, கூழைக்கடாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியிருந்தன. நான் செய்தி அனுப்பினேன். உனக்கு ஒற்றைப் பத்தியில் தலைப்பு அடங்கவில்லை. 'கூழை' என்பதை வெட்டினாய். 'கடா' கொச்சையாக இருக்கிறது என்று 'கிடா' ஆக்கினாய். மறுநாள் காலை சென்னை முழுவதும் படித்தது: 'பள்ளிக்கரணையில் கிடாக்கள் குவிந்தன'.

அனகாபுத்தூரிலிருந்து ஒருவர் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். "சார், பள்ளிக்கரணைல கிடா வந்து எறங்கிகீதாமே. எந்தப் பக்கம் கட்டிகினு கீறாங்கோ? ஆடிக்கு கோயில்ல வெட்டணும் சார், நல்லதா ரெண்டு பாத்து சொல்லேன்." அது பறவை என்றேன். "இன்னா சார், காலங்காத்தால பேஜார் பண்றே? கிடான்னு எய்திட்டு பறவைன்றியே. பறக்குற கிடாவா?" அன்று சாயங்காலம் ரயிலேறி, உன்னை நேரில் திட்டுவதற்காகவே அலுவலகத்துக்கு வந்தேன். நீ நாற்காலியிலிருந்து எழுந்துகூட நிற்கவில்லை. "கூழைன்னா குட்டைன்னு அர்த்தம்யா. ஒரு ஜீவனை அப்படியா பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடறது? அதான் எடுத்துட்டேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல அதை ஒரு தரம் வந்து பாரு. அப்புறம் பேசு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாய். அதற்குப் பிறகு வராத ஞாயிறு குறைவு.

முதல் நாள் நீ பார்த்தது நினைவிருக்கிறது. தண்ணீர் ஓரத்துக் கருவேல மரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. கிளை தாழ்ந்து போயிருந்தது. சாம்பல் கலந்த வெள்ளை உடல், பின்கழுத்தில் எண்ணெய் வைக்காத தலைமுடி மாதிரி சுருண்ட இறகு, குட்டைக் கால், இளஞ்சிவப்பு அலகின் ஓரம் முழுக்க யாரோ மை தொட்டு வைத்த மாதிரி நீலப் புள்ளிகள், கீழே தொங்கும் பை. நீ தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாய். பிறகு, "கல்யாண வீட்ல முன்வரிசையில உக்காந்திருக்கிற பெரியப்பா மாதிரி இருக்கு" என்றாய். அது தண்ணீரில் இறங்கி, பிறகு எழும்பியபோதுதான் நீ வாயைத் திறந்தபடி நின்றாய். இரண்டு காலையும் சேர்த்துத் தண்ணீரை உதைத்து உதைத்து ஓடி, இனி முடியாது என்று நாம் நினைக்கிற இடத்தில் நீர்ப்பரப்பை விட்டது. மேலே போனதும் கனம் எங்கே போனதென்று தெரியவில்லை. கழுத்தை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, நாலு முறை சிறகை அடிப்பதும் பிறகு சும்மா மிதப்பதுமாகப் போய், வெயில் ஏறியதும் வட்டமிட்டு வட்டமிட்டு, கடைசியில் கண் கூசும் உயரத்தில் ஒரு வெள்ளைத் துகளானது. "அவ்ளோ பெரிய உடம்பை எங்கய்யா வெச்சுட்டுப் போச்சு?" என்று கேட்டாய்.

ஓய்வு பெற்றதும் இரும்புலியூரில் உன் வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு நடப்பது நம் இருவருக்கும் அலுவலகம் போவது மாதிரி ஆனது. உன்னைப் பக்கவாதம் தாக்கியதும் அந்த நாட்களில்தான். கால் பிழைத்தது. வலது கை தளர்ந்தது. பேச்சு போய்விட்டது. பேச்சு என்பதைவிட வார்த்தை போய்விட்டது என்பதுதான் சரி. நாங்கள் சொல்வதெல்லாம் உனக்குப் புரிந்தது. நீ சொல்ல நினைத்ததும் உள்ளே இருந்தது. வாயில் வந்தது மட்டும் வேறொன்று. காபிக்கு 'பத்தி'. என்னைப் பார்த்தால் 'மழை'. மற்றதற்கெல்லாம் 'தலைப்பு'. "தண்ணி வேணும்னாலும் தலைப்பு, சட்னி வேணும்னாலும் தலைப்புங்கறார் அண்ணா. நான் வீட்ல இருக்கற எல்லாத்தையும் எடுத்து முன்னாடி வெச்சுடறேன்" என்றார் உன் மனைவி ரஞ்சிதம். வாழ்நாளெல்லாம் தலைப்பு வைத்தவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் என்று நாம் மூவருமே சிரித்தோம். நீதான் அதிகம் சிரித்தாய். சிரிப்பு மட்டும் பழையபடியே இருந்தது.

சேலையூரில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாம் மூவர். அவள் உன் மனைவியைக் காட்டி, "சார், இவங்க யாரு? பேரு சொல்லுங்க, ட்ரை பண்ணுங்க" என்றாள். நீ உன் மனைவியைப் பார்த்தாய். நெற்றி நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

"ஏம்மா, அவரு நல்லாப் பேசிட்டிருந்தப்பவே என் பேரைச் சொன்னதில்ல. இப்பக் கேட்டா எப்படி? சிலபஸ்லயே இல்லாத கேள்விம்மா இது" என்றார் ரஞ்சிதம்.

"அப்போ எப்படிக் கூப்பிடுவாரு ஆன்ட்டி?"

"இந்தாம்மா. கீரை விக்கற பொம்பளையும் இந்தாம்மா, நானும் இந்தாம்மா."

அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். நம் வயதுக்காரர் வீடுகளில் அதுதானே வழக்கம். கட்டியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ கோபித்துக்கொள்வார்கள் என்பது போல 'ஏம்மா', 'இந்தா', 'யாரு உள்ளே' என்றே காலத்தை ஓட்டிவிட்டோம்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். உன் மனைவி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். வெளியே பார்த்தபடி, என்னிடம் சொல்வது போல இல்லாமல் சொன்னார். "எக்ஸ்சேஞ்சுல நாளெல்லாம் யார் பேசறீங்க, யார் வேணும்னு ஊரார் பேரைத்தான் அண்ணா கேட்டுட்டிருந்தேன். எங்கப்பா போனப்புறம் என் பேரை வெறுமனே சொல்லிக் கூப்பிட ஆளில்ல. ஆபீஸ்ல மேடம், தெருவுல ஆன்ட்டி, பையனுக்கு அம்மா. ஒரு தடவ இவர் வாயால கேட்டுட்டா நல்லாத்தான் இருக்கும்னு நினைச்சதுண்டு. கேக்கக் கூச்சமா இருந்துச்சு. இனிமே எங்க." பிறகு அவரே, "இறங்கற இடம் வந்துடுச்சு, பார்த்து" என்றார். நீ கம்பியைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தேன். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. எல்லாம் கேட்டுவிட்டாய்.

மறுநாள் கரைக்கு வந்ததும் உன் உதட்டைத் தொட்டாய். உன் வீட்டுப் பக்கம் கை காட்டினாய். மறுபடி உதட்டைத் தொட்டாய். எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து நாம் பறவை பார்க்கப் போனது பாதி; அந்தப் பெயரைத் தேடிப் போனது பாதி. 'ர' என்று நான் தொடங்கிக் கொடுப்பேன். உன் நாக்கு ரயிலுக்குப் போகும். ரசத்துக்குப் போகும். ஒரு நாள் தெளிவாக 'ரத்து' என்றாய். "பேரைச் சொல்லுய்யான்னா ரத்து பண்றியே" என்றேன். நீ கரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். தோற்ற நாட்களில் பறவைகளையே பார்த்துக்கொண்டிருப்போம். கூழைக்கடாவுக்கு நீ புதுப் பெயர் வைத்திருந்தாய்: 'பஸ்'. திருத்த வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. காலை முன்னால் நீட்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, குலுங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் அது நிற்பதைப் பார்த்தால் நிறுத்தத்தைத் தாண்டி நிற்கும் நம் ஊர் பஸ் போலத்தான் இருக்கும்.

அவை மீன் பிடிப்பதை அந்த மார்கழியில்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பேச்சில்லாத உன் பக்கத்தில் நின்றதால் கண் அதிகம் வேலை செய்தது. தனியாக வந்தது சும்மா மிதந்துகொண்டே, தலையைச் சாய்த்து, சட்டென்று அலகைத் தண்ணீருக்குள் விடும். பை விரிந்து குடம் குடமாக நீரை அள்ளும். உடனே விழுங்காது. அலகை மார்போடு சேர்த்து வைத்து நீரை மெதுவாக வடிய விடும். நீர் வடிய வடியப் பைக்குள் மீன் துடிப்பது வெளியிலிருந்தே தெரியும். பிறகுதான் அலகை மேலே தூக்கும். நாலைந்து சேர்ந்து வந்தால் வரிசை கட்டி, அவசரமே இல்லாமல் மீனை ஆழமில்லாத பக்கம் தள்ளிக்கொண்டு வரும். சுற்றிலும் நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழும். வேலை செய்கிறவர் ஒருவர், கூட்டம் போடுகிறவர் பலர். இத்தனையும் சத்தமில்லாமல் நடக்கும். வளர்ந்த கூழைக்கடா அநேகமாகக் குரல் கொடுப்பதே இல்லை. வேடந்தாங்கல் பக்கம் மரங்களில் கூடு கட்டும்போது குஞ்சுகள்தான் ஊரைக் கூட்டும். பெரியவை கொஞ்சம் உறுமிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இதை நான் உனக்குச் சொன்னபோது நீ உன் மார்பைத் தட்டிக் காட்டிக்கொண்டாய். நானும் அந்த ஜாதிதான் என்று.

பிறகு அந்தக் காலை. பனி கலையவில்லை. தாம்பரத்துக்குப் போகும் ரயில் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் கடந்து போனது. நாம் எதுவும் முயலவில்லை; களைத்துப் போய்ச் சும்மா நின்றிருந்தோம். வெளுப்புக்குள்ளிருந்து ஒரு கூழைக்கடா தாழ்வாக வந்தது. சிறகு நம் தலைக்கு மேல் போகும்போது துணி உதறுவது போல ஒரு காற்று. தண்ணீரில் இறங்கி, குலுங்கி நின்று, நம் பக்கம் திரும்பியது. நீ இடது கையை நீட்டினாய்.

"ரஞ்சிதம்" என்றாய்.

தடுமாற்றம் இல்லை. நடுவில் கொஞ்சம் அழுத்தி, கடைசி 'ம்'மை உதடு மூடி முடித்தாய். நீ என்னைப் பார்த்தாய். என்ன சொன்னோம் என்பது சொன்ன பிறகுதான் உன் காதில் விழுந்தது போல இருந்தது உன் முகம். நான் வாயெடுப்பதற்குள் என் கையைப் பிடித்து, உதட்டில் விரல் வைத்தாய். அடுத்த வார்த்தையும் சரியாகவே வந்தது. "நானே."

வீடு வரைக்கும் நிறை குடத்தைச் சிந்தாமல் கொண்டுபோவது போல நீ நடந்தாய். கேட் திறந்த சத்தம் கேட்டு ரஞ்சிதம் வாசலுக்கு வந்தார். நீ நின்றாய். முழு பலத்தையும் திரட்டி வாயைத் திறந்தாய்.

"இந்தாம்மா."

பழைய குரல். பழைய தெளிவு. கையிலிருந்த பால் பாத்திரத்தை அப்படியே படிக்கட்டில் வைத்துவிட்டு அவர் ஓடி வந்தார். "அண்ணா, கேட்டீங்களா? இந்தாம்மான்னாரே! அப்படியே பழையபடி சொன்னாரே!" என்று அழுதார். நீ இடது கையால் உன் நெற்றியில் படார் என்று அடித்துக்கொண்டாய். அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் பல நாள் முயன்றாய். அந்தச் சொல் கேட் வரைக்கும் இருக்கும். கேட்டைத் தாண்டினால் இருக்காது. மாசி மாதம் ஒரு விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டாய்.

அந்தச் சொல் என்னிடம் இருந்தது. 'நானே' என்றவன் நீ. அதை மீறவும் மனமில்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. உன் மனைவியின் பெயரை ஒரு பறவையைக் காட்டிச் சொன்னாய். காபியைப் பத்தி என்ற நாக்கு அது. பறவையை மறைத்துச் சொன்னால் பொய். சேர்த்துச் சொன்னால், ஒரு மனுஷி காலமெல்லாம் காத்திருந்ததில் பாதி குறைந்துபோகுமோ என்று பயம். எத்தனையோ செய்திகளை வீடு தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறேன், சாவுச் செய்திகூட. இதைச் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று அவரே போன் செய்தார். "நாளைக்கு ஏரிக்குப் போறப்ப நானும் வரட்டுமா அண்ணா? தினம் தினம் அங்க போய் என்னத்தைத்தான் பாத்தாருன்னு நானும் பாக்கறேன்."

இன்று காலை வந்தார். கரை வழுக்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினார். பனிக்குள்ளிருந்து அது மெல்ல உண்டானபோது, "ஐயையோ, இவ்ளோ பெருசா! கொக்கு மாதிரி இருக்கும்னுல்ல நினைச்சிருந்தேன்" என்றார். நான் அலகின் புள்ளிகளைக் காட்டினேன். பையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்க நின்னு என்ன பண்ணுவாரு?" என்று கேட்டார்.

இனி நீ சொல்லப் போவதில்லை. கேட்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கிறார். நான் சொன்னேன். ஆட்டோவில் அவர் பேசியதை நீ கேட்டதிலிருந்து, அந்தப் பெயர் வாசல் கேட் வரைக்கும் நிலைத்து உள்ளே வந்ததும் காணாமல் போனது வரை, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல்.

ரஞ்சிதம் என் தோளிலிருந்து கையை எடுத்தார். "எதைப் பார்த்துச் சொன்னாரு?" என்றார்.

"இதைப் பார்த்துத்தான் சிஸ்டர். கூழைக்கடாவை."

"அப்போ என்னைச் சொன்னாரா, இதைச் சொன்னாரா?"

"தெரியலை. காதுல விழுந்ததைத்தான் நான் சொல்ல முடியும்."

அப்போது அந்தப் பறவை சோம்பல் முறிப்பது போல அலகை வானத்துக்குத் தூக்கித் தொங்கும் பையை விரித்தது. ரஞ்சிதம் தன் தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் இப்படித்தான் தொங்குது. ஆளைச் சரியாத்தான் அடையாளம் கண்டிருக்காரு" என்றார். சிரித்தார். கரையில் நடந்துபோன இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்படிச் சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். நடுவில் கொஞ்சம் அழுத்தி, கடைசி 'ம்'மை உதடு மூடி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் பக்கம் திரும்பி, "என்னங்க?" என்றார். உரக்க இல்லை. அடுப்படியிலிருந்து முன்னறைக்குக் கேட்கிற அளவுக்கு. பறவை திரும்பவில்லை. அது பாட்டுக்குப் பனிக்குள் நீந்திப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அது மறையும் வரை நின்றோம்.

நீ கூப்பிட்டதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அவர் பதில் சொன்னதைக் கேட்டவனும் நான் ஒருவன்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு சாவும் ஒரு கோடையும் ஒரு மழையும் போயிருக்கின்றன. என் காதில் மட்டும் அந்த இடைவெளி இல்லை. ரஞ்சிதம் என்கிறாய். என்னங்க என்கிறார்.